காற்றும் அடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆற்றோரம் வேனை நிறுத்தி விண்ட்சர்ஃபிங் (பாய்மரம் பொருத்திய பலகையில் நீர்மேல் சறுக்குவது) செய்கிறோம். குளிர்ந்த காலைகளில் கேஸ் அடுப்பின் சுடர் சிறுத்துப் போகிறது. குலுக்கினால் கேனில் கேஸ் இருக்கிறது. மழை பெய்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சமைக்கலாமா?

பதில்: கேன் காலியாகவில்லை, குளிர்ந்திருக்கிறது. கேனில் உள்ள பியூட்டேன் என்ற எரிவாயு ஏறக்குறைய 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. எரியும்போதே கேன் தன் சூட்டை இழப்பதால், வெளியே 5 டிகிரி இருந்தாலும் இந்தத் தொல்லை வரும். கேனின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், பனி பூத்திருக்கும். புரோப்பேன் என்ற இன்னொரு எரிவாயு மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலத்துக்கு அது கலந்த கேனே நல்லது.

பாய்மரத்துக்கு நல்ல காற்று அடுப்புக்குப் பகை. பக்கக் கதவு காற்று மறைவில் இருக்கும்படி வேனைத் திருப்பி நிறுத்துங்கள். கேன் மேலேயே பொருந்தும் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைக்காதீர்கள். சூடு உள்ளே தேங்கி கேன் வெடிக்கும்.

சாத்திய வேனுக்குள் சமைக்கவே கூடாது. அடுப்பு எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று நினைப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். கூரைத் திறப்பையும் ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள், இந்த வாயுவைக் காட்டும் அலாரமும் மாட்டுங்கள். ஈரமான வெட்சூட்டை (நீர் விளையாட்டு உடையை) அடுப்பை எரியவிட்டு உலர்த்தும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி: வேன் மலைப்பாதையில் ஏறியபின் விண்ட்சர்ஃபிங் பலகை உப்பியது. ஏன்?

பதில்: உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. கிளம்பும்முன் பலகையின் காற்றுத் திருகை (உள்காற்றை வெளியேற்றும் திருகை) தளர்த்துங்கள். நீரில் இறக்கும்முன் அந்தத் திருகின் ரப்பர் வளையத்தைப் பார்த்து, திருகை மறக்காமல் இறுக்குங்கள்.