முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து கேனோ என்னும் துடுப்புப் படகில் பல நாள் பயணம் போகலாமா? காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது?

தாராளமாகப் போகலாம். நானும் காரைக்குடிதான். கேரளத்தில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை சாலியாற்றில் ஒரு கூட்டம் சேர்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். 68 கிலோமீட்டர், மூன்று நாள். ஆற்றில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே போகிற பயணம் அது. அதில் ஒருமுறை சேர்ந்தேன். வந்தவர்களில் ஒருவரைக்கூட எனக்கு முன்பே தெரியாது.

நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள், அதுதான் சரியும்கூட. நான் நீச்சல் பழகியது கண்மாயில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு. துடுப்புப் பழக வேண்டுமென்றால் காரங்காட்டுக்குப் போங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வந்துவிடும். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகும் உண்டு. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அலையும் குறைவு. ஆனால் வாடைக்காற்று பிடித்துவிட்டால் பழகப் போகாதீர்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அந்தக் கடல் நம்மைப் போன்ற புதியவர்களுக்கு இல்லை.

கயாக் துடுப்பு இரண்டு முனையிலும் தட்டையாக இருக்கும், கேனோ துடுப்பு ஒரு முனையில் மட்டும். அதனால் ஒரே பக்கம் தள்ளத் தள்ளப் படகு மறுபக்கம் திரும்பிவிடும். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கமாக லேசாகத் திருப்பி அதை நேராக்குவார். முன்னால் இருப்பவர் தாளம் வைப்பார், பின்னால் இருப்பவர் அதையே பிடித்துக்கொள்வார். இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்தால் படகு தானாகப் போவது போலிருக்கும். அந்தச் சுகத்துக்காகவே இன்னொருமுறை போகலாம்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். எவ்வளவு அனுபவம் என்று கேட்டபோது, பல மாதம் பழகியவன் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் காரங்காட்டுக்கு ஏழு தடவை போயிருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். நான் சொன்னதை நம்பி என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நான் சேட்டா என்றுதான் கூப்பிட்டேன். நான் வேகம் வைக்க, அவர் "மெல்லெ, மெல்லெ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்குள் வலது தோள் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. மறுநாள் காலை சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. எனக்காக மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. என் இடத்துக்கு வேறு படகிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை மாற்றி, என்னை நடுவில் உட்கார வைத்து, ஒரு சாக்கைக் கையில் கொடுத்தார்கள். அன்று முழுக்கக் குப்பை மட்டும் பொறுக்கினேன். சேட்டன் கோபப்படவில்லை. "வலி தொடங்கும்போதே சொல்லியிருந்தால் பத்து நிமிடம் கரையில் ஒதுங்கியிருப்போமே" என்றார், அவ்வளவுதான். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே தம்பட்டம் வேண்டாம். ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் துடுப்புப் போட்டிருக்கிறீர்கள், நீச்சல் தெரியுமா, முதுகு முட்டி எப்படி, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். நிதானமாகப் போனால் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வரும். நாளுக்கு 23 கிலோமீட்டர் என்றால் ஐந்து மணி நேரம் போல உட்கார வேண்டும். அதனால் கிளம்பும் முன் அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் போட்டுப் பாருங்கள். முதல் நாள் எல்லோராலும் முடியும், இரண்டாம் நாள்தான் உடம்பு கணக்குக் கேட்கும். கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பித் தள்ளப் பழகினால் தோள் பிழைக்கும். எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது.

அப்புறம், அவர்களிடமும் கேளுங்கள். கடைசிப் படகாக யார் வருகிறார்கள்? இரவு எங்கே தங்கல்? எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? "ஆறுதானே, ஜாக்கெட் எதற்கு" என்று சொல்லும் கூட்டமாக இருந்தால் சேர வேண்டாம்.

கொண்டுபோக அப்பத்தா செய்து கொடுத்தது பொருவிளங்காய் உருண்டை. வறுத்த பயறு மாவு, வெல்லப்பாகு, சுக்கு. கல்லு மாதிரி இருக்கும், வெயிலில் கெடாது. முதல் நாளே படகுக்குப் படகு கைமாறித் தீர்ந்துவிட்டது. இரண்டு மடங்காகக் கொண்டுபோங்கள்.

நிலம்பூருக்கு ஷொர்ணூரிலிருந்து 66 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. 1840களில் வெள்ளைக்காரர்கள் தேக்குத் தோட்டம் போட்ட ஊர் அது. வீட்டு வளவின், அதாவது உள்முற்றத்தின், தூண்களில் பர்மாத் தேக்கைத் தொட்டு வளர்ந்த நமக்கு, தேக்கை மரமாக நிற்கக் காண்பதே தனி அனுபவம். ஒருநாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

மூன்றாம் நாள் எனக்குத் தோள் கொஞ்சம் தேறியிருந்தது. கடல் நெருங்க நெருங்க, ஏற்ற நேரத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி எதிரே தள்ளும், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றும் முகத்தில் அடிக்கும். அதனால் விடியும்போதே கிளம்பினோம். கடைசி ஒரு மணி நேரம் என்னை மறுபடி முன்னால் உட்காரச் சொன்னார் சேட்டன். மரத்தில் உரு என்னும் பெரிய கப்பல் கட்டும் ஊர் பேப்பூர். அங்கே போய்ச் சேரும்வரை அவர் ஒரு தடவைகூட "மெல்லெ" சொல்லவில்லை.