2.1 கிலோவில் பிறந்தவளைக் குண்டாக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் 38ஆவது வாரத்தில் 2.1 கிலோ எடையுடன் பிறந்தாள். இப்போது 9 மாதம், எடை 7.3 கிலோ, நீளம் 68 செ.மீ. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டிலோ, ‘நிறையக் கொடுத்துக் குண்டாக்கு’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டையில் (0 கோடு அந்த வயதின் நடு அளவு, −1, −2 கோடுகள் அதற்குக் கீழே), பிறந்தபோது −2 கோட்டுக்கும் கீழே இருந்தவள் இன்று −1 கோட்டுக்கு வந்துவிட்டாள். நீளமும் கூடவே ஏறியிருக்கிறது. நல்ல வளர்ச்சி இது.

நீங்கள் படித்தது பொய்யல்ல. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்களின் எடைக் குறிப்புகளை ஆராய்ந்து மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989இல் இதை வெளியிட்டார்கள்: எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதய நோய் மரணங்கள் அதிகம். கருவில் ஊட்டம் பற்றாதபோது மூளைக்குத்தான் முதல் பங்கு. தசையும் சிறுநீரகமும் விட்டுக்கொடுக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஏறக்குறைய 36ஆவது வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக முளைக்காது. அவை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேலைப்பளு கூடும். ரத்த அழுத்தம் ஏற அது ஒரு காரணம். தசை குறைந்தால் சர்க்கரையை உறிஞ்சும் இடமும் குறையும். இதெல்லாம் கூடுதல் வாய்ப்புதான். வந்தே தீரும் என்று பொருளில்லை.

வீட்டார் சொல்வதில் பாதி சரி. 2 வயது வரை பின்தங்கியதைப் பிடிப்பது நல்லது, குறிப்பாக நீளத்தில். அதன் பிறகு உயரம் ஏறாமல் எடை மட்டும் ஏறுவதுதான் வம்பு. டெல்லியில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து அளக்கப்பட்டவர்களைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், பெரியவர்களானபின் சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் 2 வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை! ஆகவே கண்ணால் பார்த்து ‘குண்டில்லையே’ என்று விட்டுவிட முடியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

இப்போதைக்கு, தாய்ப்பாலோடு தினம் 3, 4 வேளை, வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் பாதி உணவு. அவள் வயிறு சுமார் 220 மி.லி.தான் கொள்ளும். நீர்த்த கஞ்சி அதைத் தண்ணீரால் நிரப்பிவிடும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் நிற்கும் பதம் வேண்டும். தினமும் முட்டை, மீன், இறைச்சி, பருப்பு இவற்றில் ஒன்றாவது இருக்கட்டும். சர்க்கரை, தேன் வேண்டாம். எடை குறைந்து பிறந்ததால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். வாயைப் பிடித்து ஊட்டினால் பசியை அறியும் பழக்கமே கெட்டுப்போகும்.

மாதம் ஒருமுறை டயப்பரைக் கழற்றி எடை பாருங்கள். நனைந்த டயப்பரே 200 கிராம் காட்டும், அதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. 2 வயது வரை படுக்கவைத்தே நீளம் அளக்க வேண்டும். 2 வயதுக்குப் பின் உடல் நிறை எண்ணையும் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது) ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டையில் குறியுங்கள். அது 5, 6 வயது வரை இறங்கி, அப்புறம்தான் ஏறத் தொடங்கும். 4 வயதிலேயே ஏறத் தொடங்கினால் இனிப்புப் பானங்களையும் இடைத்தீனியையும் குறைத்து, ஓடியாடும் நேரத்தைக் கூட்டுங்கள். 3 வயது முதல் ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தைக்கான சிறிய கைப்பட்டையில். பெரியவர்களின் பட்டையில் அளந்தால் அளவு குறைத்தே காட்டும்.