வண்டிக்காரர் என்ன பாவம் செய்தார்?

கேள்வி: காரைக்குடியில் வேலை பார்க்கிறேன், கவிதை எழுதுவேன். அடுத்த மாதம் கவியரங்கில் படிக்க இருக்கும் கவிதையில் ஒரு கெட்ட வார்த்தை வருகிறது. சின்ன வயதில் தேவகோட்டை வீட்டில் ஐயா (தாத்தா) அப்பத்தாவை ஏசும்போது கேட்டது. அப்பத்தா ஓலைக் கூடையான கொட்டான் முடைந்துகொண்டே பேசாமல் இருப்பார்கள். கவிதையில் அதை ஒரு வண்டிக்காரர் சொல்வதாக வைத்திருக்கிறேன். ஐயா காலமாகிவிட்டார்; அப்பத்தாவுக்கு 86 வயது. அந்தச் சொல் இருக்கலாமா, புள்ளி வைத்துவிடலாமா?

பதில்: தம்பி, இதே கேள்வியோடு எத்தனையோ கடிதம் பார்த்துவிட்டேன். தொல்காப்பியர் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்றார். சபைக்கு ஆகாததை மறைத்துச் சொல்ல வேண்டும். அடுத்த சூத்திரத்திலேயே, வழக்கில் ஊறிப்போனதை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சித்தர்கள் மறைக்கவே இல்லை. சொல் இருக்கட்டும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வண்டிக்காரரை எதற்கு இழுத்தீர்கள்? ஏசியது உங்கள் ஐயா. பழி மட்டும் மாடு ஓட்டிப் பிழைக்கிறவருக்கா? கெட்ட வார்த்தை கூலிக்காரன் வாயில்தான் வரும், பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் உள்ள பெரிய வீட்டில் வராது என்று சபையில் இருப்பவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அதற்கு ஒத்து ஊதுகிறீர்கள். எனக்குக் கோபமே வருகிறது. சொல்லுக்குப் புள்ளி வைப்பதா என்று கவலைப்படுகிற நீங்கள் ஐயாவை முழுசாக அழித்துவிட்டீர்களே!

பட்டினத்தாரைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் அதே ஊர். பெண்ணுடலைப் பழித்து அவர் பாடியதை இன்று மேடையில் படிக்க வாய் கூசும். தாயின் சிதைக்கு முன்னால் ‘ஐயிரண்டு திங்களா’ என்று அழுததும் அந்த வாய்தான். இரண்டையும் தன் வாயால் சொன்னார், அடுத்தவர் தலையில் கட்டவில்லை.

செத்துப்போன பெரியவரைச் சபையில் இழுக்கலாமா என்பீர்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவள்தான் நானும். ஐயாவுக்குத் திதி கொடுங்கள், முகப்பில் இருக்கும் படத்துக்கு மாலை போடுங்கள், அது பேரன் கடமை. வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து அத்தனை வருஷம் வசவு வாங்கியவர் உயிரோடு இருக்கிறார். அவருக்குச் செய்ய வேண்டியது அதற்கு முன்னால் வருகிறது.

அந்தச் சொல் விழுந்ததும் ஓலையில் அப்பத்தாவின் விரல் நின்றதா? நிற்காமல் அடுத்த இழையை மடக்கியதா? பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அது மறந்திருக்காது. கவிதையில் அந்த விரலையே காணோம்.

இந்த ஞாயிறு தேவகோட்டைக்குப் பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. வண்டிக்காரரை எடுத்துவிட்டு, ஐயா சொன்னதாகவே எழுதி, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லை விழுங்காமல் படித்துக் காட்டுங்கள். வேண்டாமப்பா என்று அவர் சொன்னால் நோட்டை மூடிவிடுங்கள், அவர் காலம் வரைக்கும் அது மேடை ஏறக் கூடாது. படி என்றால், புள்ளி வைக்காமல் படியுங்கள்.