மச்சான் சொன்னார், பத்திரத்தை எடுத்தேன்

கேள்வி: தஞ்சாவூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 52. கைக்கு மாதம் 82,000 ரூபாய் வருகிறது. மகள் பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிறாள். ஆக்சுவரியல் சயின்ஸ், அதாவது காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றில் வரக்கூடிய இழப்பைக் கணக்கிடும் படிப்பு, படிக்க ஆசைப்படுகிறாள். பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி., செலவு 45 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் மச்சான். அவர் கடைக்காக என் பெயரில் எடுத்த பர்சனல் லோனுக்கு இப்போது நான்தான் மாதம் 19,500 கட்டுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கடைசிக்கு முந்தின வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மச்சான் சொன்னால் கையெழுத்துப் போடுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போன முறை போனது சம்பளம். இந்த முறை வீடு.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 45 லட்சம், 11 சதவீத வட்டி. படிப்பு ஒரு வருடம், தவணை தொடங்க இன்னொரு வருடம். அதற்குள் வட்டி மட்டும் சுமார் 10 லட்சம் ஏறிவிடும். 55 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 75,800. மச்சான் லோனையும் சேர்த்தால் 95,000-ஐத் தாண்டுகிறது. உங்கள் சம்பளம் 82,000. 60 வயதில் ஓய்வு, கடைசித் தவணை 64-இல். மகளுக்கு உடனே வேலை கிடைத்துவிடும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்தத் திட்டம் நிற்கிறது.

இத்தனைக்கும், பட்டம் யாரையும் ஆக்சுவரி ஆக்குவதில்லை. பரீட்சைகள்தான் ஆக்குகின்றன. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தில் முழு உறுப்பினராக 13 பேப்பர் எழுத வேண்டும். உள்ளே போக ஏசெட் என்ற நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தவர்களே அதை எழுதலாம். ஹெரியட்-வாட், கென்ட் போன்ற பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அங்குள்ள ஆக்சுவரி அமைப்பின் ஆரம்பப் பேப்பர்கள் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும், உண்மைதான். ஆனால் கடைசிக் கட்டப் பேப்பரை பிரிட்டனில் படித்தவரும் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். சில பேப்பர் விலக்குக்கு 45 லட்சமா? வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பதே, “எத்தனை பேப்பர் முடிச்சிருக்கீங்க?” என்றுதான்.

அதனால் மகளை முதலில் ஏசெட் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஆரம்பப் பேப்பர்களான சிஎஸ்1 (புள்ளியியல்), சிஎம்1 (ஆக்சுவரியல் கணிதம்). வகுப்பும் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ் இருக்கிறது. விடுதிச் செலவைச் சேர்த்தாலும் பத்திரத்தைத் தொட வேண்டி வராது. இரண்டு பேப்பர் எழுதிப் பார்த்தால் இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். பி.எஸ்சி.யில் கணக்கு நன்றாக வந்தவர்களே இதில் திணறுவதுண்டு. நாலைந்து பேப்பர் முடித்த பிறகும் வெளிநாட்டு ஆசை இருந்தால் அப்போது பேசலாம்.

இதற்கிடையில் யாராவது “கல்விக்கென்றே ஒரு யூலிப் இருக்கு சார்” என்று, காப்பீட்டையும் முதலீட்டையும் சேர்த்த அந்தத் திட்டத்தை விற்க வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதல் ஐந்து வருடம் அதில் போட்ட பணத்தை எடுக்க முடியாது. உங்களுக்குத் தேவை அதற்குள் வந்துவிடும்.

சரி, மச்சான். பர்சனல் லோனில் மீதி எவ்வளவு என்று வங்கியில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை உங்கள் மனைவியையும் வைத்துக்கொண்டு அவரிடம் காட்டி, எந்தத் தேதியில் எவ்வளவு தருவார் என்று கேளுங்கள். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்க் கேளுங்கள்.