மைத்துனரின் கையெழுத்தில் போன கீசர் சான்றிதழ்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் பிளம்பராக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: தொடர்கல்விப் புள்ளிகள் குறைந்ததால் அவருடைய உரிமம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அதன் பிறகும் கீசர் மாற்றும் வேலைகளைச் செய்து, சான்றிதழ்களில் உரிமம் உள்ள தம் மைத்துனரைக் கையெழுத்திட வைத்திருக்கிறார். இப்போது ஒரு வீட்டில் கூரை நனைந்து இடிந்திருக்க, காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்கிறது. உரிமத்தை நிறுத்திவைத்த பிளம்பர் பதிவு வாரியத்தின் மீது வழக்குத் தொடரலாமா என்பது அவர் கேள்வி.

வகுப்புக் கட்டணம், இழந்த சனிக்கிழமைக் கூலி, இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்குப் பாடம் நடத்திய இளைஞர் என நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த விவகாரத்தைத் தீர்மானிக்காது. சான்றிதழில் கையெழுத்திட்டவர் அந்த வேலையைச் செய்தாரா, அல்லது நேரில் மேற்பார்வையிட்டாரா என்பதே சட்டத்தின் முன் நிற்கும் ஒரே கேள்வி.

வாரியத்தின் முடிவை எதிர்ப்பதானால் முதலில் அதன் உள்மேல்முறையீட்டை முடியுங்கள். 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் பொருந்தும் இடத்தில் நீதிமன்றத்தை நாட 180 நாள் காலக்கெடுவும் உண்டு. ஒரு முடிவு தவறானதாகவே இருந்தாலும், முறைப்படி ரத்தாகும் வரை அது இல்லாததுபோல் நடந்துகொள்ள முடியாது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன.

என் கட்சிக்காரர்கள் சிக்குவது வேறோர் இடத்தில். மைத்துனர் பார்க்காத கீசருக்கு, அது கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலையான சான்ஸ் 10254-இன்படி பொருத்தப்பட்டது என்று அவர் சான்றளித்திருக்கிறார். அந்தத் தாளை நம்பித்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மோசடிக்கு நட்டம் நேர்ந்தே ஆக வேண்டியதில்லை, நட்டம் நேரக்கூடும் என்பதே போதும். ஆகவே "வேலை சுத்தமாகத்தான் இருந்தது" என்ற உங்கள் வாதம் குற்ற வழக்கில் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை அழிக்காது. இருபது ஆண்டுகள் வரை வழக்குத் தொடர அரசுத் தரப்புக்கு உரிமை உண்டு. உரிமையியல் கோரிக்கைக்குரிய மூன்றாண்டுக் காலமும், பொதுவாக, வீட்டுக்காரர் பொறுப்பாளியையும் உண்மைகளையும் அறிந்த நாளிலிருந்துதான் ஓடுமே ஒழிய நீங்கள் கீசர் மாட்டிய நாளிலிருந்து அல்ல. உங்கள் பொறுப்புக் காப்பீடும் உரிமமில்லாக் காலத்து வேலையை ஏற்க மறுக்கக்கூடும். பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

இந்த நிலையில் பலர் செய்யும் அடுத்த பிழை, பழைய தேதியிட்டு ஒரு மேற்பார்வைக் குறிப்பு எழுதுவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவும் செய்யாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களாகவே விளக்கக் கடிதமும் எழுதாதீர்கள். உரிமையியல் சமரசப் பேச்சில் சொன்னதைப் பொதுவாக நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகக் காட்ட முடியாது என்ற பாதுகாப்பு, நீங்கள் தனியாக எழுதித் தரும் ஒப்புதலுக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். கட்டணத்தைச் செலுத்தி, புள்ளிகளைச் சேர்த்து உரிமத்தை மீட்டுக்கொள்ளுங்கள். கூரைச் சேதத்துக்கு வழக்கறிஞர் மூலம் ஒரு தொகை பேசி முடியுங்கள். அவ்வாறு சான்றளிக்கப்பட்ட மற்ற வீடுகளை உங்களுக்குத் தொடர்பில்லாத உரிமதாரர் ஒருவரைக் கொண்டு உங்கள் செலவில் மறுபரிசோதனை செய்வதையும் உங்கள் வழக்கறிஞர் வழியாகவே ஏற்பாடு செய்யுங்கள். செலவு கசக்கும், ஆனால் வாரியத்தோடு உயர் நீதிமன்றத்தில் மோதும் செலவோடு ஒப்பிட்டால் சிறியதே.

மைத்துனர் தனி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளட்டும். கையெழுத்து அவருடையது, வேலை உங்களுடையது; விசாரணை என்று வந்தால் ஒருவர் தப்புவதற்கு மற்றவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது இருவருக்காகவும் ஒரே வழக்கறிஞர் வாதாட இயலாது.