போதை மீட்பு: இந்த மாதக் கடிதங்கள்

பாதிக் கடிதங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து. சுகர்ஸ் என்ற ஹெராயின் கலவைதான், வேறென்ன?

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கலாமா?

கூடவே கூடாது. அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 30 வருடக் குடி. நாளையிலிருந்து அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடுகிறோம்.

பூட்டாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று விட்டால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றல். மருத்துவமனையில் வைத்து நிறுத்துங்கள். அதுவரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மகன் போதையில் இருக்கிறான். மருந்து சொல்லவும்.

என்ன போதை? என்ன வயது? நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

கேள்வி: கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். ஹெராயின் பழக்கத்தோடு வந்தவரிடம் சிகிச்சை மையத்தின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். போகவே இல்லை. அவருக்கே அக்கறை இல்லையென்றால்?

அக்கறை இல்லாதவர் உங்கள் முன்னால் வந்து ஏனம்மா உட்கார்ந்தார்? கடைசியாக ஹெராயின் போட்டு 8, 10 மணி நேரத்தில் அரோஸ்டா, அதாவது போதை கிடைக்காமல் உடம்பு படும் வேதனை, பிடித்துக்கொள்ளும். கையில் ஒரு சீட்டு, ஃபோனில் ஏர்டைம் இல்லை, டாக்ஸிக்குக் காசில்லை. எங்கே போவார்? நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் இதே சீட்டு வைத்தியம்தான். ஒரு பையன் 10 நாள் கழித்துத் திரும்பி வந்தான். அதே சீட்டு, அதே சட்டைப் பையில், வியர்வையில் நம்பர் கரைந்து கிடந்தது. அன்றைக்கே நான் டயல் செய்திருக்கலாம். நீங்களாவது அவர் எதிரிலேயே சான்கா என்ற போதை மீட்பு அமைப்புக்கோ, 0800 12 13 14 என்ற போதை உதவி எண்ணுக்கோ அடித்து, யாரை, என்று, எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று கேட்டு வாங்குங்கள். யார் கூட்டிப்போவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். அறிவுரை வேண்டாம். "இதில் உனக்கு எதுப்பா தொந்தரவு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

கேள்வி: ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோனும் ஒரு போதைதானே?

இல்லை. தினம் ஒரு வேளை, அளந்த டோஸ். அரோஸ்டா இல்லாமல் ஆள் வேலைக்குப் போகிறான். 2020 லாக்டவுனில் டர்பனில் வீடற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததுதானே?

கேள்வி: மகனைக் கோர்ட் மூலம் சேர்க்கலாமா?

2008-இன் 70-ஆம் எண் போதைத் தடுப்பு, சிகிச்சைச் சட்டத்தில் வழி உண்டு. சமூகப் பணியாளரைப் பாருங்கள். ஆனால் அது கடைசி வழி. போன மாதம் சொன்னதையே மறுபடி சொல்கிறேன்: பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் எந்த மையத்துக்கும் காசு கட்டாதீர்கள். வெளியே வந்த முதல் 2, 3 வாரம் தனியாக விடாதீர்கள். உடம்பு பழக்கம் விட்டிருக்கும். பழைய அளவு ஹெராயினைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம்.