மிக்ஸிங்கைத் தொழிலாகக் கொள்ள முதலில் எதை வாங்க வேண்டும்?

வீட்டில் கணினியில் இசையமைத்துவரும் நீங்கள், மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து ஒரே பாட்டாக்குவது) இன்ஜினியராக எந்த மென்பொருள், எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே பிழைப்பாகக் கொண்டவன் சொல்கிறேன்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அதற்குமுன் புரூஸ் ஸ்வீடியன் எப்படி வளர்ந்தார் என்று பாருங்கள்.

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' (1982) ஆல்பத்தைப் பதிவுசெய்து மிக்ஸ் செய்தவர் அவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிகாகோவில் கவுன்ட் பேஸி, டியூக் எலிங்டன் போன்ற ஜாஸ் இசைக்கலைஞர்களைப் பதிவுசெய்தவர். ஒரு முழு ஜாஸ் குழு ஒரே அறையில் வாசிக்கும்போது மைக்கை எங்கே வைப்பது, எந்த வாத்தியம் எதை விழுங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் அவர் காதில் ஏறியது. ஜாக்சன் பாடும்போது ஆடுவார், விரல் சொடுக்குவார், காலால் தாளம் போடுவார். ஸ்வீடியன் அவரை மரப்பலகை மேடையில் நிறுத்தி, அந்தச் சத்தங்களையும் பாட்டோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். இன்று நம்மில் பலர் முதல் வேலையாக அவற்றைத்தான் அழிப்போம்!

'திரில்லர்' ஆல்பத்தின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு 91 மிக்ஸ்கள் போட்டுவிட்டு, கடைசியில் இரண்டாவதையே எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பம் முதலில் முடிந்தபோது இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏற்ற அளவைவிட நீளமாக இருந்தது. பக்கம் நீண்டால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். சத்தமும் பேஸும் (அடித்தள ஒலி) குறைந்துவிடும். ஆகவே பாடல்களைச் சுருக்கி மறுபடி மிக்ஸ் செய்தார்கள். பாட்டு எதில் போய்ச் சேரப்போகிறது என்று யோசிப்பதும் இந்த வேலையின் பாதி. இன்று அது பெரும்பாலும் கைப்பேசி.

நான் பெரும்பாலும் மிகக் குறைந்த ஒலியில்தான் மிக்ஸ் செய்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் பேஸ் தானாகவே நிறைவாகக் கேட்டு நம்மை ஏமாற்றும். மெல்லக் கேட்கும்போதும் பாடகரின் சொற்கள் புரிந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம். வாடிக்கையாளர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அதற்காகத்தான். நான் எந்த மென்பொருள் வைத்திருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

தெரிந்த மிருதங்கக்காரர் யாராவது இருந்தால் ஒரு மைக்கோடு போய் உட்காருங்கள். தொப்பிப் பக்கம், வலந்தலைப் பக்கம், நான்கடி தள்ளி என்று இடம் மாற்றிப் பதிவுசெய்து, ஈக்வலைசரை (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடாமல் கேளுங்கள். பிறகும் கையில் பணம் இருந்தால், ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.